சனாவுல்லாவின் வால்வு

சனாவுல்லா ஊரோடு திரும்பி வந்ததிலிருந்து ரொம்பப் பிரியமான மனுஷராக மாறிவிட்டார் என்று விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் பேச்சு. லீவில் வந்துபோன காலத்தில் யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் விறுவிறுவென்று நடந்துபோவார். இப்போது அப்படியில்லை. பழக்கடையில் நின்று குடும்ப நலம் விசாரித்தார். செல்போன் கடையில் நின்று மழை வருமா என்று கேட்டார். மருந்துக்கடை வாசலில் நின்று ஒன்றுமே கேட்காமல் சிரித்தார். பள்ளிவாசலுக்குப் போய்ச் சேர முன்னைவிட இரண்டு மடங்கு நேரம் ஆனது.

அவர் மனைவி நஸீமாவுக்கும் முதலில் சந்தோஷம்தான். முப்பது வருஷம் தம்மாமில் வேலை பார்த்துவிட்டு வந்தவருக்கு ஊர் பிடித்துப்போனால் நல்லதுதானே என்று நினைத்தாள். ஒரு சாயங்காலம் ஆட்டோவில் வரும்போது அந்த நினைப்பு கலைந்தது. பெண்களுக்கு ஜாக்கெட் தைக்கிற கடை ஒன்றின் முன்னால் அவர் நின்றுகொண்டிருந்தார். கடை பூட்டியிருந்தது. ஒரு கையால் மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, இறக்கிவிட்ட ஷட்டரைப் பார்த்தபடி, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

ஆட்டோவை நிறுத்தி அவரை ஏற்றிக்கொண்டாள்.

"அங்க என்னா பாத்துக்கிட்டு இருந்தீங்க?"

"சும்மாதான்."

"பூட்டுன கடையில என்னா சும்மா?"

"கேஸு, நஸீமா. மதியம் சாப்பிட்டது நெஞ்சுலயே நிக்கிது."

அந்த வீட்டில் கேஸ் என்பது கூடவே குடியிருக்கும் ஓர் ஆள்போல ஆகிவிட்டிருந்தது. மாடி ஏறினால் கேஸ். சாப்பிட்ட பிறகு நடந்தால் கேஸ். பேத்தியைத் தூக்கினால் கேஸ். சீரகத் தண்ணீர், சோடா, மருந்துக்கடைக்காரர் தரும் இளஞ்சிவப்பு மருந்து என்று எல்லாம் பார்த்தாயிற்று.

நஸீமாவுக்கு அப்போது வேலை தலைக்குமேல் கிடந்தது. நவராத்திரி நெருங்கிக்கொண்டிருந்தது. செராமிக் தொழிற்பேட்டையில் அவள் நடத்தும் பொம்மை யூனிட்டுக்கு அதுதான் பெரிய சீசன். பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு, வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல், அச்சும் தூரிகையுமாக ஆரம்பித்த தொழில். இன்றைக்குச் சுட்டெடுக்க ஆட்கள், வர்ணம் தீட்டப் பெண்கள் என்று நிமிர்ந்து நிற்கிறது. சனாவுல்லா வந்த புதிதில் அந்த யூனிட்டைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். லீவில் வந்தபோது எட்டிப் பார்த்ததோடு சரி, மற்றபடி போட்டோவிலும் வீடியோ காலிலும் பார்த்த இடம் அது. பிறகு ஒரு நாள், "இது ஒன்னோட ராஜ்யம்னு தெரியும். என்னெயும் ஒரு ஆளா வச்சிக்க. சும்மா ஒக்காந்து தின்னா எனக்குச் செரிக்காது" என்றார். அன்றிலிருந்து தினமும் வந்தார். கணக்குப் பார்க்கச் சொன்னால் பார்க்கமாட்டார். எதையாவது தூக்கவேண்டும், இறக்கவேண்டும். அப்போதுதான் அவருக்கு வேலை செய்தது போலிருக்கும்.

பெங்களூர் வியாபாரியின் லாரி வந்த அன்று, செட்டியார் பொம்மைகளை வைக்கோல் வைத்துக் கட்டிய பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு லாரிக்குச் சாய்த்து வைத்திருந்த பலகையில் ஏறினார். சூளையைப் பார்த்துக்கொள்ளும் பழமலை, "பாய், குடுங்க நான் ஏத்துறேன்" என்று கையை நீட்டினான். நஸீமா கூடத்து வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பலகையின் பாதியில் அவர் நின்றார். பெட்டி கையிலிருந்து நழுவியது. அதன் பின்னாலேயே அவரும் சரிந்தார்.

கீழே வைக்கோல் போர்போல் கிடந்ததால் அடி படவில்லை. பழமலை ஓடிப்போய்த் தலையைத் தூக்கினான். முகம் வெளுத்துப்போயிருந்தது. நஸீமா போய்ச் சேர்ந்து அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். புருஷனின் பெயரை அவ்வளவு சத்தமாக அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. கண்ணைத் திறந்தார். முதலில் உடைந்த பொம்மைகளைத்தான் பார்த்தார்.

"கால் வழுக்கிடிச்சு" என்றார்.

"கால் வழுக்குனா கையை ஊனுவாங்க" என்றாள் நஸீமா. "நீங்க கையை ஊனவே இல்ல. துணி கொடியிலேருந்து விழுற மாதிரி விழுந்தீங்க. நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் கனிமொழி, கேஸ் கதையை முழுதாகக் கேட்டுவிட்டு, ஸ்டெதஸ்கோப்பை எடுத்தார். நெஞ்சின் வலது பக்கம் மேலே வைத்தார். கொஞ்சம் தள்ளி வைத்தார். பிறகு கழுத்தில் வைத்தார். கழுத்தில் என்ன இருக்கிறது என்று நஸீமாவுக்குப் புரியவில்லை. டாக்டர் அவரை மூச்சைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி மறுபடியும் கேட்டார்.

"பாய், உங்களுக்கு இதயத்துல ஒரு சத்தம் இருக்குதுன்னு இதுக்கு முன்னாடி யாராவது சொல்லியிருக்காங்களா?"

"இல்லம்மா. அங்கெல்லாம் ரத்தம் எடுப்பாங்க, எக்ஸ்ரே எடுப்பாங்க. நெஞ்சுல காதை வச்சு யாரு கேட்டா?"

"நீங்க கேக்குறீங்களா?" என்று டாக்டர் நஸீமாவைப் பார்த்து, ஸ்டெதஸ்கோப்பை அவள் காதில் மாட்டிவிட்டார். பள்ளிக்கூடத்தில் லப், டப் என்று சொல்லிக்கொடுத்த சத்தத்தை அவள் எதிர்பார்த்தாள். அது எங்கேயோ உள்ளே அமுங்கிக் கிடந்தது. அதற்கு மேலே, ஒவ்வொரு துடிப்புக்கும், யாரோ பலகையை ரம்பத்தால் இழுப்பதுபோல் கரகரவென்று ஓர் இரைச்சல். கழற்றிக் கொடுத்தாள். இத்தனை வருஷம் போனில் கேட்ட குரலுக்கு அடியில் இந்தச் சத்தமும் ஓடிக்கொண்டிருந்ததா என்று நினைத்தாள்.

"ரத்தம் வெளிய போற வாசல்ல ஒரு வால்வு இருக்குது. அது சுருங்கியிருக்குன்னு நெனைக்கிறேன். எக்கோ ஸ்கேன் எடுத்தாத்தான் உறுதியாத் தெரியும். இந்த வாரமே புதுச்சேரிக்குப் போங்க. அதுவரைக்கும் எதையும் தூக்கக் கூடாது, வண்டி ஓட்டக் கூடாது, அவசரமா நடக்கக் கூடாது."

சனாவுல்லா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "அப்ப கேஸுக்கு ஒண்ணும் எழுதலியாம்மா?" என்றார்.

புதுச்சேரிக்கு நெய்வேலியில் டீச்சராக இருக்கும் மகள் மஹிராவும் கூட வந்தாள். இருட்டறையில் படுக்கவைத்து எக்கோ எடுத்தார்கள். பிறகு இதய டாக்டர் ஸ்ரீரஞ்சனி மூன்று பேரையும் உட்காரவைத்தார். சின்ன உருவம், நிதானமான பேச்சு. எடுத்த படத்தைக் கம்ப்யூட்டரில் ஓடவிட்டார். சாம்பல் நிறத்தில் என்னவோ அலைந்தது. நடுவில் வெள்ளையாக, கெட்டியாக ஒன்று, அசைகிறதா இல்லையா என்று தெரியாமல் இருந்தது.

"இதுதான் அந்த வால்வு. இதயத்துலேருந்து உடம்புக்குப் போற ரத்தம் முழுசும் இது வழியாத்தான் போகணும். எல்லாருக்கும் இதுல மூணு இதழ் இருக்கும். உங்களுக்குப் பொறக்கும்போதே ரெண்டுதான். நூத்துல ஒருத்தருக்கு இப்படி இருக்கும், பலருக்குக் கடைசிவரைக்கும் தெரியாமலே போயிடும். ரெண்டு இதழ் இருந்தா சீக்கிரம் தேயும், அதுமேல சுண்ணாம்பு மாதிரி கால்சியம் படியும். அப்படிப் படிஞ்சு படிஞ்சு, கட்டைவிரல் தாராளமா நுழையற அளவுக்குத் தெறக்க வேண்டிய எடம், இப்ப ஒரு பென்சில் நுழைஞ்சாப் பெருசு."

"அடைப்பா டாக்டர்?" என்றாள் மஹிரா.

"ஹார்ட் அட்டாக்ல வர்ற அடைப்பு வேற. அது இதயத்துக்குப் போற ரத்தக்குழாய்ல. இது வாசல்லயே. இவ்வளவு சின்ன எடத்து வழியா ரத்தத்தைத் தள்ளித் தள்ளி, இதயத்தோட சதை தடிச்சுப்போச்சு. சும்மா ஒக்காந்திருக்கும்போது எப்படியோ சமாளிக்குது. நடந்தா, தூக்குனா, உடம்பு கூட ரத்தம் கேக்கும். அதால குடுக்க முடியாது. மூளைக்குப் போறது கொறைஞ்சா மயக்கம். அன்னைக்கு நடந்தது அதுதான்."

"மாத்திரை குடுங்க, சாப்பிடுறேன்" என்றார் சனாவுல்லா.

"அந்தச் சுண்ணாம்பைக் கரைக்க மாத்திரையே கெடையாது பாய். பலூன் விட்டு விரிக்கலாமான்னு கேப்பீங்க. உங்க வயசுல விரிச்சா கொஞ்ச நாள்லயே திரும்பவும் சுருங்கிக்கும். வால்வை மாத்தித்தான் ஆகணும்."

அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எனக்கு ஒண்ணுமே செய்யலியேம்மா. எப்பவாவது கொஞ்சம் மூச்சு வாங்குது, அவ்வளவுதான். ஆபரேஷன் பண்ற அளவுக்கு நான் என்னா கஷ்டப்படுறேன்?"

ஸ்ரீரஞ்சனி பேனாவைக் கீழே வைத்தார். "சரி. ஒண்ணு மட்டும் கேக்குறேன். போன வருஷம் செஞ்சு, இப்ப செய்யாம விட்டது ஏதாவது இருக்குதா?"

"ஒண்ணுமில்ல."

"இருக்குது" என்றாள் நஸீமா. சொல்லும்போதுதான் அவளுக்கே அது ஒன்று சேர்ந்தது. "மொட்டை மாடிக்குப் போறதில்ல, செடிக்கு நான்தான் தண்ணி ஊத்துறேன். பெரிய பள்ளிவாசலுக்குப் போனவரு இப்ப கிட்டத்துல இருக்குற பள்ளிக்குப் போறாரு. கேட்டா அங்க கூட்டமா இருக்குதும்பாரு. மங்கலம்பேட்டையில எங்க சொந்தக்காரங்க கல்யாணத்துக்கு வரலன்னுட்டாரு, பஸ் ஸ்டாண்டுலேருந்து நடக்கணுமே, அதான். பேத்தி ஓடி வந்தா முன்னாடி தூக்குவாரு, இப்ப இவரு கீழ ஒக்காந்துக்குறாரு. எதுவும் கஷ்டமில்லைன்னு சொல்றாரே, யூனிட்டுல வீம்புக்குப் பெட்டி தூக்குறதைத் தவிர கஷ்டமான எதையும் செய்யறதே இல்ல டாக்டர்."

சனாவுல்லா மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் சொன்னதில் ஒன்றைக்கூட அவரால் மறுக்க முடியவில்லை. ஒவ்வொன்றுக்கும் அவரிடம் அந்தந்த நேரத்துக்கு ஒரு காரணம் இருந்தது. எல்லாம் ஒரே காரணம் என்பது அவருக்கே இப்போதுதான் தெரிந்ததுபோல் இருந்தது.

"அறிகுறி ஆரம்பிச்ச பின்னாடி தள்ளிப்போடறது நல்லதில்ல" என்றார் டாக்டர். "பயமுறுத்தறதுக்காகச் சொல்லல. சரியான நேரத்துல மாத்திக்கிட்டா, உங்க வயசு ஆளுங்க எப்படி இருப்பாங்களோ அப்படி இருக்கலாம். அதையும் சேத்துத்தான் சொல்றேன்."

ஆனாலும் வீட்டுக்கு வந்ததும் அவர் பழையபடி மாறிவிட்டார். மறுநாள் மத்தியானம் சாப்பிட்டு முடித்து, கையைத் துடைத்துக்கொண்டே, "சீசன் முடியட்டும் நஸீமா. அப்புறம் ரமலான் வந்துடும். தோஹாவுலேருந்து இஜாஸும் லீவுல வரட்டும். அடுத்த வருஷம் நெதானமாப் பாத்துக்கலாம்" என்றார்.

நஸீமா தட்டை எடுத்தவள் திரும்பவும் தரையில் வைத்தாள்.

"அடுத்த வருஷம். மஹிரா பொறந்தப்ப சொன்னீங்க, அடுத்த வருஷம் முடிச்சிக்கிட்டு வந்துடறேன்னு. இஜாஸ் ஸ்கூலு சேர்ந்தப்ப சொன்னீங்க. எங்கம்மா மௌத்தானப்ப போன்ல அழுதுக்கிட்டே சொன்னீங்க. ஒங்க மேல கோவம் இல்ல. குடும்பத்துக்காகத்தான் இருந்தீங்க, எனக்குத் தெரியும். ஆனா அந்த அடுத்த வருஷத்தை நான் முப்பது தடவை கேட்டுட்டேங்க. இந்த ஒரு விஷயத்துல வேணாம்."

அவர் கை துடைத்த துண்டை மடித்து மடியில் வைத்தார். பிறகு, "எழுந்திரிக்கலைன்னா?" என்றார். குரல் அவ்வளவு சின்னதாக வந்தது. "மயக்க மருந்து குடுத்துப் படுக்க வச்சு, நெஞ்சைத் தெறந்து, இதயத்தையே நிறுத்திட்டு வேலை பாப்பாங்களாம். மஹிரா சொன்னா. எழுந்திரிக்காமப் போயிட்டா? இப்பத்தான நஸீமா வந்தேன். இப்பத்தான ஒன்கூட ஒக்காந்து சாப்பிடறேன்."

அவர் பயந்ததை அவள் அதுவரை பார்த்ததில்லை. போனில் அவர் எப்போதும் நன்றாகவே இருப்பார், சாப்பிட்டாச்சா என்று கேட்பார், வைத்துவிடுவார். பயமும் சளியும் தூக்கம் வராத நாட்களும் அந்தப் பக்கத்திலேயே தங்கிவிட்டிருக்கும். அவள் நகர்ந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எனக்கும் பயமாத்தான் இருக்குது. அன்னைக்கு வைக்கோல்ல கெடந்தீங்களே, அதுலயும் எழுந்திரிக்காமப் போயிருக்கலாம். அங்க டாக்டரு இல்ல, மெஷினு இல்ல, பழமலைதான் இருந்தான். எங்க விழுந்தா தூக்க ஆளு இருக்குதோ அங்க போய் விழலாம்ங்க."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். அஸர் தொழுதுவிட்டு வந்து, மஹிராவுக்கு அவரே போன் செய்து, டாக்டரிடம் நாள் கேட்கச் சொன்னார்.

அறுவைச் சிகிச்சை டாக்டர் அன்பரசனைப் பார்க்கப் போனபோது மஹிரா நிறையப் படித்துவிட்டு வந்திருந்தாள். நெஞ்சைத் திறக்காமல், தொடை வழியாக ரத்தக்குழாயில் வால்வை மடித்து ஏற்றி வைக்கிறார்களாமே, அத்தாவுக்கு அப்படிச் செய்யக்கூடாதா என்று கேட்டாள். டாக்டர் தலையாட்டினார். நல்ல முறைதான், வயது கூடியவர்களுக்கும் ஆபரேஷனைத் தாங்க முடியாதவர்களுக்கும் பெரிய வரம் என்றார். இவருக்குப் பிறவியிலேயே இரண்டு இதழ், அதன்மேல் கால்சியம் கோணல்மாணலாகப் படிந்திருக்கிறது, உடம்பும் திடமாக இருக்கிறது. அதனால் பழையதை வெட்டி எடுத்துவிட்டுப் புதிதைத் தைப்பதுதான் இவருக்குச் சரி என்றார்.

"ரெண்டு வகை வால்வு இருக்குது" என்று இரண்டு மாதிரிகளை மேஜைமேல் வைத்தார். "இது உலோகம். ரொம்ப வருஷம் உழைக்கும். ஆனா ரத்தம் உறையாம இருக்க ஆயுசுக்கும் மாத்திரை சாப்பிடணும், அடிக்கடி ரத்தம் டெஸ்ட் பண்ணணும். காயம் பட்டா ரத்தம் நிக்க நேரமாகும். இது திசு வால்வு. அந்த மாத்திரை கொஞ்ச நாளைக்குத்தான், சிலருக்கு அதுவும் தேவைப்படாது. ஆனா பத்துப் பதினஞ்சு வருஷத்துல தேய்ஞ்சுபோகலாம். அப்பத்தான் உங்க பொண்ணு சொன்ன மாதிரி, தொடை வழியா இன்னொண்ணை இதுக்குள்ளயே வைக்கலாம்."

நஸீமா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். "எங்க யூனிட்டுல பீங்கான் சில்லு குத்தி ரத்தம் வராத நாளே கெடையாது டாக்டர். இவரை உள்ள வராதீங்கன்னு சொன்னாலும் கேக்கமாட்டாரு."

"அப்ப திசு வால்வு நல்லது. வயசுக்கும் பொருத்தம்தான்."

சனாவுல்லா அந்தத் திசு வால்வை விரல் நுனியால் தொட்டார். தயங்கித் தயங்கி, "இது எந்தப் பிராணியோடது?" என்று கேட்டார்.

டாக்டருக்குக் கேள்வி புரிந்தது. "பன்னியோடதும் உண்டு. உங்களுக்கு நாங்க வைக்கிறது மாட்டோட இதயத்தைச் சுத்தி இருக்குற சவ்வுல செஞ்சது."

"ஊர்ல டாக்டரம்மா மாட்டுக்கறியைக் கொறைங்கன்னாங்க" என்றார் சனாவுல்லா. "நீங்க நேரா உள்ளேயே வைக்கிறேங்குறீங்க."

அன்பரசன் வாய்விட்டுச் சிரித்தார். ஊருக்குத் திரும்புகிற வழியில் நஸீமா மனசுக்குள் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். கேலி பேச வருகிறது என்றால் பயம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது.

ஆபரேஷனுக்கு முன்னால் அவரைப் பல் டாக்டரிடம் அனுப்பினார்கள். இதயத்துக்கு வந்தவனை வாயைத் திற என்கிறார்களே என்று புலம்பினார். சொத்தைப் பல்லில் இருக்கும் கிருமி ரத்தத்தில் கலந்து புது வால்வில் போய் உட்கார்ந்துவிடும், அதனால்தான் முதலில் வாயைச் சுத்தம் செய்கிறோம், இனிமேல் எப்போது பல் பிடுங்கினாலும் முன்கூட்டியே மருந்து சாப்பிட வேண்டும் என்று அங்கே இருந்த பெண் டாக்டர் விளக்கினார். கடைவாய்ப் பல் ஒன்று போயிற்று. ஆஞ்சியோவும் எடுத்தார்கள், ரத்தக்குழாய்களில் அடைப்பு இல்லை. ரத்தம் தேவை என்றதும் பழமலை யூனிட்டிலிருந்து ஒரு வேன் நிறைய ஆளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். சீசன் நேரத்தில் சூளையை அணைத்துவிட்டு வந்திருக்கிறான் என்று தெரிந்தபோது நஸீமாவுக்குத் திட்டவும் தோன்றவில்லை, நன்றி சொல்லவும் வாய் வரவில்லை.

ஆபரேஷன் அன்று காலை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போது அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "துஆ பண்ணு" என்று மட்டும் சொன்னார். கதவு மூடிக்கொண்டது.

காத்திருப்போர் கூடத்தில் மஹிரா தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தாள். தோஹாவிலிருந்து மகன் இஜாஸ் அடிக்கடி போன் செய்தான். நஸீமா ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தாள். உள்ளே அவருடைய இதயம் நின்றிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். ஒரு மெஷின் அவருக்காக மூச்சும் விட்டு, ரத்தத்தையும் ஓட்டிக்கொண்டிருக்கும். அந்த நினைப்பு பயங்கரமாக இருக்கும் என்று எதிர்பார்த்தாள். ஆனால் இத்தனை வருஷமாக ஒரு நிமிஷம் ஓயாமல் முட்டி முட்டித் தள்ளிய இதயம் இப்போதுதான் கொஞ்சம் ஓய்வெடுக்கிறது என்றும் தோன்றியது. எடுக்கட்டும். எடுத்துவிட்டு எழுந்திருக்கட்டும்.

மத்தியானம் தாண்டி அன்பரசன் வெளியே வந்தார். தொப்பியைக் கழற்றியிருந்தார். "நல்லா முடிஞ்சுது. பழைய வால்வு கல்லு மாதிரி இருந்துச்சு. புதுசு நல்லாத் தெறக்குது, இதயம் தானே துடிக்க ஆரம்பிச்சிடுச்சு" என்றார். மஹிரா அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். நஸீமா டாக்டரிடம், "நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள்.

மறுநாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் அவளை உள்ளே விட்டார்கள். தொண்டையில் இருந்த குழாயை அப்போதுதான் எடுத்திருந்தார்கள். உடம்பு முழுக்க ஒயரும் குழாயுமாகக் கிடந்தார். அவளைப் பார்த்ததும் உதட்டை அசைத்தார். காற்றும் கரகரப்பும்தான் வந்தது. அவள் குனிந்து காதை வைத்தாள்.

"லாரி போச்சா?"

"என்னா லாரி?"

"மைசூரு ஆர்டரு."

"போச்சு. நீங்க இல்லாததுனால ஒண்ணும் ஒடையாமப் போச்சு."

அவரால் சிரிக்க முடியவில்லை, வலித்தது. கண்ணால் சிரித்தார். கையைத் தொட்டுப் பார்த்தாள். சூடாக இருந்தது. கொஞ்ச நாளாக அந்தக் கை ஜில்லென்று இருந்ததை அவள் கவனித்தும் கவனிக்காமல் விட்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான கஷ்டம் தொடங்கியது. பிளந்து கட்டிய நெஞ்செலும்பு சேருகிறவரை எதையும் தூக்கக்கூடாது, இழுக்கக்கூடாது, தள்ளக்கூடாது. இருமல் வந்தால் ஒரு தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமவேண்டும். மல்லாந்துதான் படுக்கவேண்டும். சில நாள் பசியே இல்லை. சில நாள் காரணமில்லாமல் அழுகை வந்தது. அது சகஜம்தான், போய்விடும் என்று கனிமொழி டாக்டர் சொன்னார். அப்போதெல்லாம் நஸீமா யூனிட்டுக்குத் தாமதமாகப் போனாள். அவருக்குத் தலை வாரிவிட்டாள், முதுகு தேய்த்துவிட்டாள். இருவரும் நிறையப் பேசினார்கள். தம்மாமில் ஒரு கோடையில் அறையில் எட்டுப் பேரோடு படுத்திருந்தபோது அம்மை போட்டதை அவர் சொன்னார். அதே வருஷம் மஹிராவுக்கு டைபாய்டு வந்ததை அவருக்குத் தெரிவிக்காமல் மறைத்ததை அவள் சொன்னாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு எவ்வளவு மறைத்திருக்கிறோம் என்று ஆச்சரியப்பட்டார்கள். கோபித்துக்கொண்டார்கள். மறுபடியும் பேசினார்கள்.

முதல் மறுபரிசோதனையின்போது ஸ்ரீரஞ்சனி ஒரு விஷயத்தை ஞாபகப்படுத்தினார். இரண்டு இதழ் வால்வு குடும்பத்தில் தொடர்ந்து வரலாம். பிள்ளைகளுக்கும் ஒரு தடவை எக்கோ பார்த்துவிடுங்கள் என்றார். மஹிரா உடனே எடுத்துக்கொண்டாள். மூன்று இதழ், எந்தக் குறையும் இல்லை. இஜாஸ் லீவில் வந்தபோது, "எனக்கென்னம்மா, நான் தெனம் புட்பால் ஆடறேன்" என்று தட்டிக்கழித்தான். சனாவுல்லா ஒன்றும் வாதாடவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு, "வண்டி வந்துடுச்சு, ஏறு" என்றார்.

இருட்டறைக்குள் நஸீமாவையும் நிற்க விட்டார்கள். இப்போது அவளுக்குத் திரையில் எங்கே பார்ப்பது என்று தெரியும். மகனுடைய வால்வைப் பார்த்தாள். திறந்தது, மூடியது. மூன்றாகப் பிரியவில்லை, மீன்வாய்போல இரண்டாகத்தான் பிரிந்தது. டாக்டர் சொல்வதற்கு முன்னாலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் வெள்ளையாக எதுவும் படிந்திருக்கவில்லை. இரண்டு இதழ்களும் லேசாக, தாராளமாக அகன்றன.

"அத்தாவுக்கு இருந்த மாதிரிதான்" என்றார் ஸ்ரீரஞ்சனி. "ஆனா நல்லா வேலை செய்யுது. சுருக்கமும் இல்ல, கசிவும் இல்ல. இப்ப ஒண்ணும் செய்ய வேணாம். ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை எக்கோ பாக்கணும், பிரஷர் ஏறாம பாத்துக்கணும். புட்பால் தாராளமா ஆடலாம்."

இஜாஸ் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். முகம் செத்துப்போயிருந்தது. "எனக்கும் ஒரு நாளு நெஞ்சைத் தெறக்கணுமா அத்தா?"

"தெரியாது" என்றார் சனாவுல்லா. பொய் சொல்லவில்லை. "தெறக்க வேண்டி வரலாம், வராமலும் போகலாம். வந்தா அப்ப இன்னும் சுளுவா ஏதாவது கண்டுபிடிச்சிருப்பாங்க. ஒனக்கு இருபத்தாறு வயசுலயே தெரிஞ்சிடுச்சுடா. எனக்கு லாரிக்குக் கீழ கெடக்கும்போதுதான் தெரிஞ்சுது. ஒனக்கு இருக்குற நேரம் எனக்குக் கெடைக்கல." மகனின் தோளில் கையைப் போட்டுத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். இஜாஸ் சின்னப்பிள்ளைபோலச் சாய்ந்துகொண்டான். அந்த வயதில் அப்படிச் சாய அவனுக்குத் தோள் பக்கத்தில் இருந்ததில்லை.

மருந்து வாங்கிக்கொண்டு புறப்படும்போது, எதிர்ப் பெஞ்சில் ஒரு வயதான தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். கருவேப்பிலங்குறிச்சிப் பக்கத்து விவசாயக் குடும்பம் என்று பேச்சில் தெரிந்தது. அந்த மனிதர் எக்கோ ரிப்போர்ட்டைத் தலைகீழாகப் பிடித்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி முந்தானையை வாயில் வைத்திருந்தாள். சனாவுல்லா அவர்களைத் தாண்டிப் போனார். நின்றார். திரும்பி வந்தார்.

"வால்வா?" என்று கேட்டார்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "சுருங்கிப்போச்சாம். மாத்தணுங்குறாங்க. எனக்கு ஒண்ணுமே செய்யலிங்களே பாய்?"

சனாவுல்லா பெஞ்சில் இடம்பிடித்து உட்கார்ந்தார். சட்டையின் மேல் பொத்தான் இரண்டைக் கழற்றி, நெஞ்சின் நடுவில் மேலிருந்து கீழே ஓடும் தழும்பைக் காட்டினார். "ஆறு மாசத்துக்கு முன்னாடி நானும் இதே வார்த்தையைத்தான் சொன்னேன். மொதல்ல இது என்னான்னு சொல்றேன், கேளுங்க" என்று ஆரம்பித்தார்.

வாசலில் வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். இஜாஸ் அம்மாவைப் பார்த்தான்.

"வண்டிக்காரரைக் கொஞ்சம் இருக்கச் சொல்லு" என்றாள் நஸீமா. அவளும் போய் அந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, "காலையில ஏதாவது சாப்பிட்டீங்களாம்மா?" என்று கேட்டாள்.